அண்ணன் எழுதிய மாட்யூலை எடுத்துவிடலாமா?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, தமிழ் உரைகளைக் கையாளும் ஒரு கட்டற்ற பைதான் லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) கவனித்துவருகிறார். அகர வரிசைப்படுத்துவது, எழுத்துகளை எண்ணுவது, சொற்களைப் பிரிப்பது போன்ற வேலைகளுக்கானது அது. அதில் ஒரு மாட்யூல் (தனிப் பகுதி), திஸ்கி, டாப், டாம், பாமினி போன்ற பழைய குறிமுறைகளில் தட்டிய உரையை இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும். குழுவில் எல்லோரும் 'அண்ணன்' என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் 2009இல் எழுதியது. வேகத்துக்காக அதன் பெரும்பகுதியை அவர் சி மொழியில் எழுதியிருக்கிறார். 2016க்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கமிட்கூட, அதாவது நிரலில் பதிந்த ஒரு மாற்றம்கூட, இல்லை. மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை.

பைதான் 3.12 வந்ததிலிருந்து அந்த சி பகுதி கம்பைல் ஆவதில்லை, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறுவதில்லை. அதனால் லைப்ரரியை முழுவதுமாக நிறுவுவதே தோற்றுப்போகிறது. கல்லூரி மாணவர்கள் முதல் நாளிலேயே சலித்துத் திரும்புகிறார்கள். போன மாதம் ஒரு மாணவர் தனியாக எழுதி, 'ெ' என்ற கொம்பில் முடியும் திஸ்கி கோப்பைக் கொடுத்தால் நிரல் உடைந்து விழுகிறது என்று காட்டியிருக்கிறார். ஒரு நண்பர் "இன்றைக்கே அழித்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "தொண்ணூறுகளின் எழுத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது, கை வைக்காதே" என்கிறார். இதற்கிடையில் முன்பின் தெரியாத ஒருவர், வெளியீட்டு உரிமையைத் தந்தால் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஒரு தமிழ்ச் சிற்றிதழ் ஆசிரியர், பாமினியில் இருந்த பழைய இதழ்களை இதை வைத்துத்தான் மாற்றுகிறோம் என்று நன்றி சொல்லியிருந்தாராம்.

கடைசியில் இப்படி முடிக்கிறார்: "நான் நிரல் எழுதக் கற்றதே அண்ணனின் நிரலைப் படித்துத்தான். அதை நான் எடுத்துவிட்டால் அவரையே வெளியே அனுப்பியது போல இருக்கும். அவர் அனுமதி இல்லாமல் எடுக்கலாமா? எடுத்தபின் யாராவது பாதிக்கப்பட்டால் நாங்கள் பொறுப்பா?"

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாக் கேள்விகளும் ஒரே அவசரத்தோடு வந்து நிற்கின்றன. உண்மையில் அவசரமானது ஒன்றுதான்: அந்த மாணவர் காட்டிய பிழை. மற்றதை ஆறு மாதம் எடுத்துக்கொண்டுகூட முடிவு செய்யலாம். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த மாணவருக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே போடுங்கள். கிடைத்தது, பார்க்கிறோம், இத்தனை நாளில் திருத்தம் வரும், அதுவரை பொதுவில் எழுத வேண்டாம் என்று நான்கு வரி போதும். திருத்தம் வரும்போது அவர் விரும்பினால் பெயரைச் சேருங்கள். தனியாக வந்து சொன்னவருக்கு ஒரு மாதம் பதில் இல்லையென்றால், அடுத்த முறை அவர் சொல்லாமலே போய்விடுவார்.

பிழை எங்கே இருக்கும் என்பது நீங்கள் விவரித்ததிலிருந்தே ஓரளவு தெரிகிறது. பழைய குறிமுறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிப்பவை. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடில் முதலில் 'க', பிறகு கொம்பு. ஆகவே கொம்பைக் கண்டதும் மாற்றி நிரல் அடுத்த பைட்டை எட்டிப் பார்க்க வேண்டும். கோப்பு கொம்போடு முடிந்தால் அடுத்த பைட் கிடையாது. அங்கே சி நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கிறது.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். திஸ்கியில் 'ஸ்ரீ' ஒரே பைட். யூனிகோடில் அது நான்கு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 12 பைட். உள்ளீட்டின் நீளத்தை மூன்றால் பெருக்கி வெளியீட்டுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் (அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்), 'ஸ்ரீ' நிறைந்த ஒரு கல்யாணப் பத்திரிகையே போதும், எல்லை தாண்டி எழுதுவதற்கு. எல்லை தாண்டிப் படிப்பதைவிட எல்லை தாண்டி எழுதுவது மோசமானது.

"ஒரு பழைய எழுத்துரு மாற்றிக்கு இவ்வளவு பயமா?" என்று உங்கள் இரண்டாவது நண்பர் கேட்கக்கூடும். 2024 ஏப்ரலில், லினக்ஸ் கணினிகளின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் இதே வகைப் பிழை ஒன்று வெளியானது. ஐகான்வ் என்ற அதன் குறிமுறை மாற்றியில், ஐஎஸ்ஓ-2022-சிஎன்-எக்ஸ்ட் என்ற, அரிதாகவே யாரும் கேட்கும் ஒரு சீனக் குறிமுறைக்கு மாற்றும்போது அதிகபட்சம் 4 பைட் எல்லை தாண்டி எழுதப்பட்டது. 24 ஆண்டுகள் அந்தப் பிழை அங்கேயே இருந்திருக்கிறது. அந்த 4 பைட்டை வைத்து பிஎச்பி என்ற இணையதள மொழி ஓடும் சர்வர்களில் வெளியாள் தன் நிரலை ஓட்ட முடியும் என்று கண்டுபிடித்தவரே காட்டினார். அந்தக் குறிமுறையை யாரும் பயன்படுத்தாதது பாதுகாப்பாக அமையவில்லை. உள்ளே இருந்தது, கூப்பிட முடிந்தது, அவ்வளவு போதுமாக இருந்தது. உங்கள் லைப்ரரியை யாராவது ஓர் இணையதளத்தில் 'கோப்பைப் பதிவேற்றுங்கள், மாற்றித் தருகிறோம்' என்று வைத்திருந்தால், அந்த மாட்யூல் வெளியாட்கள் தரும் கோப்பை நேரடியாகத் தொடுகிறது.

ஆகவே நீடிப்பதா நிறுத்துவதா என்ற விவாதம் முடியும் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு எல்லைச் சோதனைகளைச் சேர்த்து ஒரு திருத்த வெளியீடு போடுங்கள். அது முடியாவிட்டால் சி பகுதியைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு வெளியிடுங்கள். பழைய வெளியீடுகளை, பைதான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயிலிருந்து அழிக்க வேண்டாம், 'யாங்க்' செய்யுங்கள். அப்படிச் செய்தால் புதிதாக வருபவர்களுக்கு அது கிடைக்காது. அந்த வெளியீட்டு எண்ணைத் துல்லியமாகக் குறிப்பிட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். ஒரேயடியாக அழித்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் லெஃப்ட்-பேட் காட்டியது. 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்ததும், அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன.

சரி, இப்போது பெரிய கேள்வி.

உங்கள் நண்பர்கள் இருவரும் அந்த மாட்யூலை ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஒருவர் அழி என்கிறார், மற்றவர் தொடாதே என்கிறார். நீங்கள் அனுப்பிய விவரப்படி அதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைகளும் அவற்றைச் சுற்றிய விதிகளும். இன்னொன்று, அவற்றை ஓட்டும் சி நிரல்.

அட்டவணை கெட்டுப்போகாது. பாமினி இனி மாறப்போவதில்லை. டாமும் டாபும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தவை, அவற்றுக்குப் புதுப் பதிப்பு வரப்போவதில்லை. மாறாத ஒன்றைப் பற்றிய அட்டவணையில் எட்டு ஆண்டுகளாகக் கமிட் இல்லையென்றால், அந்த வேலை முடிந்துவிட்டது என்றுதான் பொருள். அதைக் கைவிடப்பட்டது என்று சொல்லக் கூடாது.

சி நிரல் அப்படியில்லை. அது பைதானின் உள்ளமைப்போடு ஒட்டிக்கொண்டு நிற்பது, அந்த உள்ளமைப்போ நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பு, உங்கள் கட்டமைப்பு ஸ்கிரிப்ட் நேரடியாக அழைக்கும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நிறுவல் கருவியை, பைதானோடு கூடவே வரும் நூலகத்திலிருந்தே நீக்கியது. யூனிகோட் சரங்களைப் பழைய முறையில் தொடும் சி அழைப்புகளும் அதே பதிப்பில் போயின. 2009இல் எழுதிய நிரல் பெரும்பாலும் இரண்டையும் நம்பியிருக்கும். இதைச் சரிசெய்தாலும் இன்னும் இரண்டு ஆண்டில் வேறொன்று உடையும். அப்போது அதைத் திறந்து பார்க்க உங்கள் மூவரில் யார் இருக்கிறீர்கள்? சி தெரிந்த ஒருவர்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதியின் நிலையையும் பராமரிப்பாளர் பட்டியலில் வெளிப்படையாக எழுதிவைப்பார்கள்: சம்பளத்துக்கு ஒருவர் பார்க்கிறார், ஒருவர் பார்க்கிறார், எப்போதாவது திருத்தம் வரும், அநாதை, வழக்கொழிந்தது என்று. 2019இல் ஃபிளாப்பி டிரைவர் 'அநாதை' ஆனது. உடனே அதை நீக்கிவிடவில்லை. பார்க்க ஆள் இல்லை என்பதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார்கள். உங்கள் மாட்யூலுக்கு அந்த நேர்மை 2017இலேயே தேவைப்பட்டது. எட்டு மாட்யூல்களில் ஒன்றாக அதையும் பட்டியலிட்டு ஒவ்வொரு வெளியீட்டிலும் அனுப்பும்போது, 'இதற்கு நாங்கள் இருக்கிறோம்' என்று பயனர் எடுத்துக்கொள்கிறார். அந்த வாக்குறுதியைத்தான் நீங்கள் இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சி நிரலை ஓய்வு பெறச் செய்யுங்கள். அட்டவணைகளையும் விதிகளையும் காப்பாற்றுங்கள். அவற்றை வெறும் தரவுக் கோப்புகளாகப் பிரித்து, அவற்றை வாசிக்கும் ஒரு சின்ன மாற்றியைத் தூய பைதானில் எழுதி, தனித் தொகுப்பாக வெளியிடுங்கள். வேகம் குறையும். 2009இல் அது பெரிய விஷயம். இன்று ஒரு சிற்றிதழின் இருபது ஆண்டு இதழ்களை மாற்ற ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. கம்பைல் செய்யத் தேவையில்லாத நிரல் அடுத்த பத்து பைதான் பதிப்புகளையும் தாண்டிப் போக நல்ல வாய்ப்பிருக்கிறது.

அட்டவணைகளை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதிலும் சில இடங்களில் நேருக்கு நேர் மாற்றினால் தப்பாகிவிடும். இணையத்தில் 'கௌரவம்' என்பதை எத்தனை இடத்தில் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு எழுதியிருக்கிறது பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே விசையைத் தட்டியதால் வந்த வினை அது. மாற்றி நிரல் இதைச் சரிசெய்யப் போனால் 'கெளுத்தி' மீன் குறுக்கே வரும். அங்கே 'ள' உண்மையிலேயே 'ள'தான். அண்ணனின் நிரலில் இதற்கென்று நாற்பது வரிக்கு விதிகளும் விதிவிலக்குச் சொற்களும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்பது வரிதான் அவர் விட்டுச்சென்ற சொத்து. அதை மறுபடி உருவாக்க இன்னொருவர் அத்தனை பழைய கோப்புகளையும் கண்ணால் பார்த்து உட்கார வேண்டியிருக்கும்.

"ஜிலிப்சியின் ஐகான்வே திஸ்கியை மாற்றுமே, நமக்கு எதற்கு?" என்று முதல் நண்பர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றும், உண்மைதான். திஸ்கி மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். பாமினிக்கும் செய்தித்தாள் எழுத்துருக்களுக்கும் அதில் இடமில்லை.

புகார் வராதது ஆதாரமாகாது

"ஒரு வருஷமா உடைந்து கிடக்கிறது, ஒரு புகார்கூட வரவில்லை, ஆகவே யாரும் பயன்படுத்தவில்லை" என்பது உங்கள் முதல் நண்பரின் வாதம். "மாதாமாதம் ஆயிரக்கணக்கில் பதிவிறக்கம் ஆகிறது, ஆகவே பலர் பயன்படுத்துகிறார்கள்" என்பது இரண்டாமவரின் வாதம். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். பதிவிறக்கக் கணக்கில் பெரும்பகுதி தானியங்கிச் சோதனைகளும் நகல் சர்வர்களும்தான். அதுவும் முழு லைப்ரரிக்கான கணக்கு, இந்த மாட்யூலுக்கானது இல்லை. புகார் வராததற்கும் காரணம் இருக்கிறது. இதைப் பயன்படுத்துபவர் யார்? பழைய இதழ்களை வைத்திருக்கும் ஒரு பதிப்பாளர், ஒரு நூலகர், அப்பாவின் கவிதைகளை 1998 கணினியிலிருந்து மீட்கும் ஒரு மகள். வாழ்நாளில் ஒருமுறை பயன்படுத்துவார்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள். உடைந்திருந்தால் 'நமக்குத்தான் தெரியவில்லை' என்று விட்டுவிடுவார்கள். பிழைப் பதிவு எப்படிப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் கவனித்துவந்த ஒரு திட்டத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு பழைய கோப்பு வடிவத்தை வாசிக்கும் மாட்யூலை, யாரும் கேட்கவில்லை என்று ஒரே வெளியீட்டில் எடுத்துவிட்டோம். ஏழு மாதம் கழித்து ஒரு சிறு அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, காலண்டர் வேலை வரும்போது மட்டும் அதைத் திறப்பவர்கள். பழைய வெளியீட்டை எடுத்துக்கொடுத்துச் சமாளித்தோம். ஆனால் அந்த மனிதர் இரண்டு நாள் தூங்காமல் திண்டாடிய பிறகுதான் எங்கள் எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார்.

எனவே ஊகிக்காமல் கேளுங்கள். மாட்யூலை அழைத்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வரட்டும்: இது எந்த வெளியீட்டில் போகிறது, பதிலுக்கு எதை நிறுவ வேண்டும், பயன்படுத்துபவர் யாருக்கு எழுத வேண்டும். தமிழிலும் எழுதுங்கள். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. பைதானில் 'டெப்ரிகேஷன் வார்னிங்' என்ற வகை எச்சரிக்கையை, இன்னொரு லைப்ரரி வழியாக அழைப்பவர்களுக்கு பைதான் இயல்பாகவே காட்டாது. 'ஃபியூச்சர் வார்னிங்' என்பதைப் பயன்படுத்தினால்தான் கடைசிப் பயனர் கண்ணில் படும்.

பைதான் குழுவே தன் நூலகத்தில் 'செத்த பேட்டரிகள்' என்று பெயர் வைத்து 19 மாட்யூல்களை இப்படித்தான் நீக்கியது. முன்மொழிவு 2019இல் வந்தது, எச்சரிக்கை 2022 அக்டோபரில் 3.11 பதிப்போடு தொடங்கியது, மாட்யூல்கள் 2024 அக்டோபரில் 3.13இல் போயின. சிஜிஐ, டெல்நெட்லிப் எல்லாம் அந்தப் பட்டியல்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது நீக்காமல் விட்ட ஒன்று. ஒலிக் கோப்புகளைக் கையாளும் 'வேவ்' மாட்யூல். அதை வைத்துக் குழந்தைகளைக் கணினியில் வினோதமான சத்தங்கள் எழுப்பவைத்து நிரலாக்கம் சொல்லித்தருகிறோம் என்று டேவிட் பீஸ்லி என்ற பயிற்சியாளர் சொன்னதும் அதை வைத்துக்கொண்டார்கள். கேட்டதால்தான் அது தெரிந்தது.

அவ்வளவு பெரிய கால அட்டவணை உங்களுக்குத் தேவையில்லை. ஒரு வருடம் போதும். முதல் வெளியீட்டில் எச்சரிக்கை. இரண்டாவதில் மாட்யூல் விருப்பத் தொகுப்பாக மாறட்டும், அதாவது கேட்டால் மட்டும் நிறுவப்படும். இந்த ஒரு படியிலேயே உங்கள் மாணவர்களின் நிறுவல் பிரச்சினை தீர்ந்துவிடும். மூன்றாவதில் பழைய பெயரை அழைத்தால் புதுத் தொகுப்பின் பெயரைச் சொல்லி நிற்கட்டும். வெறுமனே 'அப்படி ஒன்று இல்லை' என்று பிழைச் செய்தி தர வேண்டாம். பிஎச்பி 'எம்கிரிப்ட்' என்ற மறையாக்க நீட்சியை வெளியே அனுப்பியதும் இந்த வழியில்தான். அது நம்பியிருந்த மூல லைப்ரரி 2007க்குப் பிறகு தொடப்படவே இல்லை. 7.1இல் எச்சரித்தார்கள், 2017இல் வந்த 7.2இல் மையத்திலிருந்து எடுத்து பெக்கில் என்ற தனி இடத்துக்கு மாற்றினார்கள். வேண்டியவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அனுமதியும் பொறுப்பும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். உங்கள் லைப்ரரி, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. அண்ணன் தன் நிரலுக்குப் பதிப்புரிமை வைத்திருக்கிறார், அது அவரிடமே இருக்கும். ஆனால் அடுத்த வெளியீட்டில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது வெளியிடுபவர்களின் முடிவு. அதற்கு அவர் அனுமதி சட்டப்படி தேவையில்லை. அவருடைய அட்டவணைகளைத் தனித் தொகுப்பாக வெளியிடும்போது அவருடைய பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தாக வேண்டும். அது கட்டாயம்.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இன்றி' என்றுதான் எம்ஐடி உரிமம் தருகிறது. இலவசமாகத் தந்த ஒன்றைத் தொடர்ந்து தரவில்லை என்பதற்காக யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் யாருக்காவது பணம் வாங்கிக்கொண்டு ஆதரவு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அந்த ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தெரிந்த பாதுகாப்புப் பிழையை மறைத்துவைத்துத் தொடர்ந்து வெளியிடுவதை மட்டும் உரிமத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு செய்யாதீர்கள்.

இன்னொரு பயத்தையும் கடிதத்தில் பார்த்தேன், "எடுத்துவிட்டால் போயே போய்விடும்" என்று. போகாது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாற்றில் அவருடைய ஒவ்வொரு கமிட்டும் அவர் பெயரோடு, தேதியோடு இருக்கும். எடுப்பதற்கு முந்தைய கமிட்டில் ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டு, அதன் பெயரை ஆவணத்தில் எழுதிவையுங்கள். யாருக்காவது அந்த சி நிரலே வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொள்வார்.

சாவி கேட்டு வந்தவர்

இதில்தான் நீங்கள் மிகவும் தடுமாறியிருக்கிறீர்கள். "கடவுளே அனுப்பியது போல ஒருவர் வந்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்வது நன்றிகெட்டதனமா?" என்று கேட்கிறீர்கள். களைத்துப்போன நேரத்தில் அப்படித்தான் தோன்றும். அந்த நேரம் பார்த்துத்தான் சிலர் வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் இது நடந்தது. அதை எழுதியவர் தானே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் விட்டிருந்தார். ஒருவர் எழுதி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவர் வெளியீட்டு உரிமையைக் கொடுத்தார். வந்தவர் உள்ளே சேர்த்த ஒரு சிறு தொகுப்பு, குறிப்பிட்ட ஒரு பிட்காயின் பணப்பையிலிருந்து திருடுவதற்காக எழுதப்பட்டிருந்தது. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் நடந்த விவகாரம் இன்னும் பொறுமையானது. அங்கே வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார். இன்னும் சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று களைத்திருந்த பராமரிப்பாளரை நெருக்கின. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, வந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டியதால் தற்செயலாகப் பிடிபட்டது.

உங்களுக்கு எழுதியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்ல மனதோடு வந்த ஓர் இளைஞராகத்தான் இருப்பார். ஆனால் அவர் இதுவரை ஒரு பேட்ச்கூட (திருத்தம்கூட) அனுப்பவில்லை, கேட்பதோ முழு லைப்ரரிக்கான வெளியீட்டு உரிமை. நன்றி சொல்லி, வேலையைக் கொடுங்கள்: மேலே சொன்ன தூய பைதான் மாற்றியில் டாம் பகுதியை எழுதச் சொல்லுங்கள். அதை நீங்களும் இன்னொருவரும் பார்த்துச் சேருங்கள். வெளியீட்டுச் சாவி உங்கள் மூவரிடமே இருக்கட்டும். வெளியீட்டுக் கோப்பை யாரும் தன் கணினியில் கையால் கட்டி ஏற்ற வேண்டாம். எல்லோரும் பார்க்கும் நிரல் இருப்பிடமான ரெப்போவில் இருப்பதிலிருந்தே தானாகக் கட்டப்படட்டும். எக்ஸ்இசட்டில் பின்கதவைத் திறக்கும் ஸ்கிரிப்ட், கிட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இல்லாமல் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தது. நல்லவர் என்றால் இந்தக் கட்டுப்பாடுகளைப் புரிந்துகொள்வார். உள்நோக்கம் உள்ளவர் பலர் வேலை கொடுத்ததும் காணாமல் போவார்கள். பொறுமையாக இருப்பவருக்கும் இந்த ஏற்பாடு ஒரு தடையாவது போடும்.

தனித் தொகுப்பாகப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் இங்கே இருக்கிறது. ஒருநாள் அவருக்கோ வேறு யாருக்கோ அதை முழுதாகக் கொடுக்க நேர்ந்தால், அதை மட்டும் கொடுக்கலாம். உங்கள் லைப்ரரி அதோடு போகாது.

அண்ணனுக்கு

அவருக்கு நீங்கள் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களின் நகலையும் இணைத்திருந்தீர்கள். மூன்றும் "இது உடைந்திருக்கிறது, எப்போது பார்ப்பீர்கள்?" என்ற பொருளில்தான் இருக்கின்றன. அவர் இடத்தில் நின்று பாருங்கள். வேலை மாறியிருக்கலாம், உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம், நிரல் பக்கமே வர மனமில்லாமல் இருக்கலாம். அந்தக் கேள்விக்கு "முடியாது" என்று எழுதுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம்! எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லை எழுத முடியாமல்தான் வருடக்கணக்கில் அமைதியாக இருக்கிறார்கள். நானும் இருந்திருக்கிறேன். என் நிரல் ஒன்றை வேறொருவர் எடுத்து வேறு மொழியில் எழுதி வெளியிட்டபோது எனக்கு வந்தது நிம்மதிதான், கோபம் வரவில்லை.

நான்காவதாக ஒன்று எழுதுங்கள். அதில் எதையும் கேட்காதீர்கள். "அண்ணா, சி பகுதியை எடுக்கிறோம். உங்கள் அட்டவணைகளையும் ஔகார விதிகளையும் உங்கள் பெயரில் தனித் தொகுப்பாக வைக்கிறோம். நான் நிரல் எழுதப் படித்தது அந்த வரிகளிலிருந்துதான். பதில் போட வேண்டியதில்லை" என்று எழுதுங்கள். முடிந்தால் மின்னஞ்சலோடு நிறுத்தாமல், அவரைத் தெரிந்தவர் யார் மூலமாவது நேரில் விசாரியுங்கள். புதுத் தொகுப்பின் முதல் பக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரும், பராமரிப்பு என்ற இடத்தில் உங்கள் பெயர்களும் இருக்கட்டும்.

அப்புறம் அந்தச் சிற்றிதழ் ஆசிரியர். உங்களிடம் இருக்கும் ஒரே நிச்சயமான பயனர் அவர்தான். எச்சரிக்கை வெளியீட்டுக்கு முன்பே அவருக்கு எழுதி, எங்கே வரை மாற்றி முடித்திருக்கிறார் என்று கேளுங்கள். கூடவே, சோதனைக்காக அவருடைய பழைய கோப்புகளில் ஐந்து பக்கத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பழைய சி மாற்றி ஓடும் ஒரு கணினியை எங்காவது பிடித்து, அந்தப் பக்கங்களை அதிலும் புதிதிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்திலாவது ஆங்கில முகவரியோ மேற்கோளோ கலந்திருக்கட்டும், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொள்வதால் பழைய மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பியிருக்கும். ஒரு பக்கத்தில் 'கௌரவம்' இருக்கட்டும். கெளுத்தி மீனைப் பற்றி அவர்கள் எதுவும் எழுதியிருக்காவிட்டால், அந்த ஒரு வரியை நீங்களே தட்டிச் சேர்த்துவிடுங்கள்.